அறைச் சத்தம்

என் மகள் நோட்டும் பேனாவுமாக வீட்டுக்குள் என் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கல்லூரியில் கட்டுரை கேட்டிருக்கிறார்களாம். தலைப்பு, ‘சினிமா காட்டும் ஆம்பளை’. உலகத்தில் எத்தனையோ தலைப்பு இருக்க, சினிமாவுக்குச் சத்தம் போட்டுப் பிழைக்கிறவன் வீட்டில் இதுதானா கிடைத்தது?

என் வேலை அதுதான். காலடி, கதவு சாத்துவது, அடி, உதை என்று படத்தில் கேட்கிற சத்தங்களை ஒலிப்பதிவுக் கூடத்தில் திரையைப் பார்த்தபடியே நான் உண்டாக்குவேன். ஹீரோ வெறுங்காலோடு வந்தாலும் நான் பூட்ஸ் மாட்டிக்கொண்டு பலகையில் மிதிப்பேன். “அண்ணே, அவர் நடந்தா தியேட்டர் அதிரணும்” என்பார் இயக்குநர். அதிரும்.

மகள் கேள்வி கேட்பது எனக்குப் பெரிதில்லை. கேட்டுவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள் பாருங்கள், அதுதான் உறுத்தியது. இரண்டு பேரும் சமையலறையில் குசுகுசுவென்று பேசுவார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போனால் கப்சிப். மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து நோட்டைப் புரட்டினேன். ‘அப்பாவிடம் கேட்க வேண்டியது’ என்று ஒரு பக்கம். அதன் கீழ் ஒன்றுமே எழுதவில்லை. நாலு வரி திட்டி எழுதியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருப்பேன்.

எதற்கு இந்தப் பயம் என்று சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மனைவியைக் கைநீட்டி அடித்துவிட்டேன். ஒரே ஒரு அறை. மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். மனைவி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. “எங்கப்பா மாதிரி யாரு இருக்கா” என்று மகள் தோழிகளிடம் பீற்றிக்கொள்ளும்போதெல்லாம் நான் மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது அந்த வாய் திறந்துவிட்டது என்றே முடிவு கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து யாருடைய சட்டைக்கோ காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். தையல் அவள் தொழில். மகள் வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

“அப்பா, படத்துல அறையற சத்தம் எப்படிப் பண்ணுவீங்க?”

“யாரு யாரை அறையறாங்க?”

“அதுல வித்தியாசம் வேற இருக்கா?”

தொழில் என்று வந்துவிட்டால் எனக்கு வாய் நிற்காது. ஆம்பளை ஆம்பளையை அடித்தால் தோல் பையில் கனமாக ஒரு போடு. பொம்பளை ஆம்பளையை அடித்தால் லேசாகக் கை தட்டினால் போதும், ஜனங்கள் சிரிப்பார்கள். ஆம்பளை பொம்பளையை அடித்தால் மட்டும் ஈரத் தோலைத் தொடையில் போட்டுச் சுளீரென்று அடிக்க வேண்டும். விசில் பறக்கிற இடம் அது. செய்தே காட்டினேன். அவள் எழுத எழுத எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

“நிஜத்துலயும் இப்படித்தான் கேக்குமாப்பா?”

“சேச்சே. நிஜத்துல இவ்ளோ சத்தம் எங்க வரும்? சப்புனு இருக்கும், அவ்ளோதான். அதுக்கப்புறம் மூச்சு இழுக்கற சத்தம்தான் பெருசா கேக்கும். அதை எந்தப் படத்துலயும் வைக்க மாட்டேங்கறாங்க.”

மகளின் பேனா நின்றது.

“யாரு மூச்சுப்பா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனைவி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சமையலறையில் நடந்தது அம்மா மகள் பேச்சு, அவ்வளவுதான். அவளைச் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டுக் கடைசியில் உளறியது நான். வெட்கம் பிடுங்கித் தின்றது. மனைவியைப் பார்த்தேன். ‘ஏதோ ஷூட்டிங்ல கேட்டிருப்பார்டி’ என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடுவேன்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“என்னை ஏன் பாக்கறீங்க? உங்களைத்தானே கேக்கறா” என்றாள். “சொல்லுங்க. அவ எழுதிக்கட்டும்.”