ஒரு தடவை கழுவியது

மூன்றாவது முறையும் ஒரே ஒரு கோடுதான். துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல் படத்தில் மேலே ஒன்று, கீழே வெறுமை. வெட்டுப்பட்டிருந்தால் கீழே இரண்டு கோடுகள் வந்திருக்கும். தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும் ஆர்.என்.ஏ எங்களுடையது. மற்றவர்களுடையதற்கு மெக்னீசியம் வேண்டும், எங்களுடையதற்கு வெறும் உப்பே போதும் என்று ஒரு வருடமாக மார்தட்டிக்கொண்டிருந்தோம். சனியன், புதிதாகத் தயாரித்தது வெறும் உப்பில் வெட்டுப்படவே இல்லை. துளி மெக்னீசியம் விட்டேன், உடனே இரண்டு துண்டு.

உடனே பழைய குப்பி நினைவுக்கு வந்தது. தயாரிக்கும்போதே ஆர்.என்.ஏவில் மெக்னீசியம் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிடித்து இழுக்கும் கரைசலில் இரண்டு முறை கழுவ வேண்டும். போன வருடம் மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு முறை கழுவிவிட்டு, போதும் என்று ஓடினேன். நோட்டில் மட்டும் இரண்டு என்று எழுதினேன். அந்தக் குப்பியைத்தான் அக்கா வருடம் முழுக்கச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்தாள். அதில் மிச்சமிருந்த மெக்னீசியம்தான் இத்தனை நாளும் வெட்டியிருக்கிறது.

அக்கா என்றால் ஆய்வகத்தில் எனக்கு மூத்தவள். மாதக் கடைசியோடு அவளுக்கு வேலை முடிகிறது. இந்த ஆர்.என்.ஏ பற்றிய கட்டுரையை இன்று அனுப்பினால்தான் அடுத்த இடத்தில் வேலை. படத்தை அவள் மேஜையில் வைத்தேன்.

"புதுசு கெட்டுப்போயிருக்கும்டி. திரும்பப் பண்ணு."

"மூணு தடவை பண்ணிட்டேன்க்கா. பழசுதான் தப்பு. நான் ஒரு தடவைதான் கழுவினேன்."

"நோட்டுல ரெண்டுன்னு இருக்கே?"

"பொய் எழுதிட்டேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

அவள் முகத்தில் ஆசை வந்ததை நான் பார்த்தேன். எனக்கும்தான் வந்தது. பழைய குப்பி தீர்ந்துவிட்டது, யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

"இத நம்பி எவளாவது ரெண்டு வருஷம் மண்டைய உடைச்சுப்பாடி," என்றாள் கடைசியில். பாவி, என்னைத் திட்டக்கூட இல்லை.

கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள். 'மெக்னீசியம் இல்லாமலே' என்று தொடங்கியது தலைப்பு.

"நீயே அழி. எனக்குக் கை வரமாட்டேங்குது."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். பின்னால் நின்று என் தோளைப் பிடித்தாள், நகம் பதிந்தது. நான் அழிக்கும் விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை. எழுத்து எழுத்தாகத் தலைப்பு முழுக்கப் போய், வெள்ளைத் திரையின் உச்சியில் அவள் பெயர் மட்டும் நின்றது.