மீதி ஆறு மணி நேரம்

டாக்சி ஓட்டும் என் வீட்டுக்காரர் பூஅஸ்ஸாவைக் கண்டால் எங்கள் ஊர் ஸெத்தாத்தின் டாக்சி ஸ்டாண்டே சிரிக்கும். அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வருஷங்கள் ஆகியும், இவர் மட்டும் பழைய மணியைக் கட்டிக்கொண்டு அழுகிறார். இவருடைய கைக்கடிகாரத்தின் முள்ளை யாரும் தொடக்கூடாது. இதனால் எத்தனை கல்யாண வீட்டில் காலிப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறோம்!

போன வாரம் மகன் அன்வார் மான்ட்ரியலிலிருந்து போன் செய்தான். ஜித்தாவில் வேலை கிடைத்திருக்கிறதாம். மருமகள் முன்பே போய்விட்டாள். குழந்தையோடு இவன் காசாபிளாங்காவில் விமானம் மாறுகிறான். பத்தேகாலுக்கு வெளியே வருவான், பத்தே முக்காலுக்கு உள்ளே போய்விட வேண்டும். அந்த அரை மணியில்தான் பேத்தி ஸுந்துஸை முதன்முதலாகப் பார்க்கப் போகிறோம்.

இவருக்கோ வேறு குடைச்சல். டிக்கெட்டில் இரவு ஒன்பதுக்குக் கிளம்பும் விமானம் காலை ஒன்பதே முக்காலுக்கு இறங்குகிறது. மகனோ ஆறே முக்கால் மணிப் பயணம் என்கிறான். மீதி ஆறு மணி நேரம் எங்கே போனது என்று ஒரு வாரமாக என் உயிரை வாங்கினார். ஐயாயிரத்து அறுநூறு கிலோமீட்டரை விமான வேகத்தால் வகுத்துப் பார்த்தார். மகன் சொன்னதே சரியாக வந்தது. மான்ட்ரியல் நேரம் நமக்கு ஆறு மணி நேரம் பின்னால் என்று சொன்னேன்.

"ஊருக்கு ஒரு மணியா? அப்போ நான் மட்டும் ஏன் பைத்தியக்காரன்?" என்றார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தக் கடிகாரத்தை நம்பினால் பதினொன்றேகாலுக்குத்தான் போய் நிற்போம். மகன் வரும் அன்று விடியலில், தொழுகைக்குக் கைகால் கழுவ இவர் கழற்றி வைத்த கடிகாரத்தில், இருட்டிலேயே முள்ளை ஒரு முழுச் சுற்று முன்னால் தள்ளிவிட்டேன்.

விமான நிலையத்துப் பெரிய கடிகாரத்தில் மணி ஒன்பதேகால். இவர் கையில் பத்தேகால். திருதிருவென்று முழித்து, கடைசியில் உண்மையைச் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தால், தலையைக் குனிந்துகொண்டார்.

"நானும் நேத்தே ஒரு சுற்று முன்னால திருப்பி வெச்சுட்டேன், ஹ்னியா. குழந்தை பழைய மணியில வராதே."



பார்த்தால், விமானம் ஒன்பதுக்கே இறங்கிவிட்டிருந்தது. ஒன்பதரைக்கு அன்வார் குழந்தையோடு வந்தான். பின்னாலிருந்து காற்று தள்ளிக்கொண்டு வந்ததாம். நாங்கள் வந்த பெர்ரெஷித் சாலையிலும் அப்படி ஒரு காற்று அடித்தால் டீசல் மிச்சம் என்றார் இவர். அரை மணிக்குப் பதில் ஒன்றேகால் மணி நேரம் கிடைத்தது. ஸுந்துஸ் இவர் மீசையை இழுத்தாள், கடிகாரத்தைச் சப்பினாள். அவர்கள் கிளம்பும்போது, ஜித்தாவில் இப்போது மணி என்ன என்று இவர் கேட்டார். பன்னிரண்டே முக்கால் என்று சொல்லிவிட்டு மகன் உள்ளே போனான்.

காரில் ஏறியதும் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே முக்கால். பழைய மணிக்கு இரண்டு சுற்று பின்னால் திருப்ப வேண்டும் என்று நானே எடுத்துக் கொடுத்தேன். இவர் கடிகாரக் கண்ணாடியிலிருந்த பேத்தியின் எச்சிலைத் துடைக்காமலே, முள்ளை முன்னால் ஒரு சுற்றுத் திருப்பினார்.

"அவ ஊருக்கு இன்னும் ஒரு மணிதான்," என்றார்.