வட்டத்தின் மேல்விளிம்பில் முத்துராஜ்

ஆலங்குடியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ரத்தினவேலின் தொலைநோக்கியில், அதை எந்தப் பக்கம் திருப்பினாலும், வட்டத்தின் மேல்விளிம்பில் ஒரு படகு தெரிந்தது. வியாழனைப் பார்த்தால் வியாழனுக்கு மேலே படகு. நிலவைப் பார்த்தால் நிலவுக்கு மேலே படகு. விளக்கு வைக்கும் நேரத்தில் தோன்றி, அறந்தாங்கிக்குக் கடைசி பஸ் கிளம்பும் நேரத்தில் மறைந்துவிடும். கடலுக்கும் ஆலங்குடிக்கும் நடுவே எவ்வளவோ தென்னந்தோப்பும் முந்திரிக்காடும் கிடக்கின்றன. இருந்தாலும் படகு கடலில்தான் நின்றது என்பதில் சந்தேகப்பட ஏதுமில்லை. காலையில் பார்த்தால் குழாயின் அடியில் இருக்கும் ஆடியின் ஓரத்தில் உப்பு பூத்திருக்கும். ரத்தினவேல் அதைச் சுரண்டாமல் ஈரப்பஞ்சால் ஒற்றி எடுப்பான். அவன் மனைவி செவந்தி கிண்ணத்தில் வாங்கிக்கொள்வாள். ஊறுகாய்க்கு அந்த உப்பு நன்றாக இருந்தது, ரசத்துக்குக் கொஞ்சம் கரிப்பு அதிகம்.

தொலைநோக்கியை அவனே செய்திருந்தான். ஒரு சாண் அகலமுள்ள தடித்த கண்ணாடி வட்டு ஒன்றை வாங்கி, இரண்டு மழைக்காலம் உட்கார்ந்து, மணலைவிடக் கடினமான தூளையும் தண்ணீரையும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குழியாடியாக்கினான். குழி எவ்வளவு ஆழம் என்பதில்தான் சிக்கல் வந்தது. தட்டு மாதிரி ஆழமில்லாத ஆடி ஒளியை வெகுதூரத்தில் கூட்டும். அதற்கு நீளமான குழாய் வேண்டும். குழிக்கரண்டி மாதிரி ஆழமான ஆடி பக்கத்திலேயே கூட்டிவிடும். குட்டையான குழாய் போதும். அவன் வீட்டு மாடிப்படி பாதியில் திரும்புகிறது. நீளக் குழாய் அந்தத் திருப்பத்தில் ஏறாது. எனவே ஆழமாகத் தேய்த்தான். ஆழமான ஆடிக்கு ஒரு குணம் உண்டு. நேராக வரும் ஒளியை ஒரே புள்ளியில் கூட்டும். சாய்வாக வரும் ஒளியை அதன் ஒவ்வொரு வளையமும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளித் தள்ளிக் கூட்டும். அதனால் பார்வை வட்டத்தின் நடுவில் நட்சத்திரம் புள்ளியாக இருக்கும், ஓரத்தில் அதே நட்சத்திரத்துக்கு வால் முளைத்துவிடும். அது போதாதென்று, கண்ணை வைத்துப் பார்க்கும் ஐபீஸ் மலிவானது, மூன்றே வில்லைகள் கொண்டது. நடுவைத் தெளிவாக்கினால் ஓரம் கலங்கியது, ஓரத்தைத் தெளிவாக்கினால் நடு கலங்கியது. ஆடியின் குற்றமும் ஐபீஸின் குற்றமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்த இடத்தில்தான் அந்தப் படகு நின்றது.

எல்லோரும் முதலில் செய்வதை அவனும் செய்தான். படகை நடுவுக்குக் கொண்டுவரக் குழாயை மேலே தூக்கினான். குழாய் எவ்வளவு உயர்ந்ததோ படகும் அவ்வளவு மேலே போய், மறுபடி விளிம்பிலேயே நின்றது. வேகமாகத் திருப்பிப் பார்த்தான், ஏமாற்றித் திருப்பிப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டு திருப்பிவிட்டுத் திறந்து பார்த்தான். படகு தன் இடத்தை விடவில்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, சனியின் வளையம் நன்றாக இருப்பதாகவும் படகு கொஞ்சம் மங்கல் என்றும் சொல்லிப் போனார்கள்.

படகு யாருடையது என்று சொன்னவன் ஐயனார். ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஐஸ் பெட்டியில் மீன் கொண்டுவந்து வீடு வீடாக விற்பவன். செவந்திக்கு விற்ற மீனின் செவுளைப் பற்றி அவளோடு சண்டை போட்டுக்கொண்டே மாடிக்கு வந்தவன், கண்ணை வைத்ததும் செவுளை மறந்தான். கலங்கலிலும் நிறம் கலங்காது. நீலப் படகு, முனை மட்டும் மஞ்சள். “அந்த மாரி மஞ்சா அடிச்சவன் எங்க ஊர்ல ஒருத்தந்தாண்ணே. நம்ம முத்துராசு” என்றான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் தனியாகப் பைபர் படகில் கடலுக்குப் போனவன் முத்துராஜ். அவனும் வரவில்லை, படகின் ஒரு சிம்பும் கரையொதுங்கவில்லை.

மறுநாளே அவன் மனைவி தேவிப்ரியா இரண்டு பஸ் மாறி வந்துவிட்டாள். ஐஸ் பிளான்டில் கணக்கு எழுதுபவள், அதிகம் பேசாதவள். அவர்கள் தெருவில் ஒரு வழக்கம். புருஷன் கடலில் இருக்கும்போது வீட்டில் எந்தப் பாத்திரத்தையும் கவிழ்த்து வைக்கக் கூடாது. கழுவிய செம்பும் குடமும் வாய் மேலே பார்த்துத்தான் காய வேண்டும். ஐந்து வருஷமாக அவள் வீட்டில் ஒரு டம்ளர்கூடக் கவிழ்ந்ததில்லை. மழை பெய்தால் முற்றத்துக் குண்டான்கள் நிரம்பின, பல்லி விழுந்தது, கொசு முட்டையிட்டது. அவள் கொட்டிக் கழுவி மறுபடி நிமிர்த்தியே வைத்தாள். அவள் மாமியார் சொர்ணத்துக்கு இது தாங்கவில்லை. கெட்டவள் இல்லை சொர்ணம். செத்தவனுக்குத் தண்ணீர் வார்க்காமல் விட்டால் அவன் தாகத்தோடு அலைவான் என்று நம்புகிறவள். “எம்புள்ள நாக்கு வறண்டு திரியிறான்டி. கருமாதி பண்ணி ஒரு வா தண்ணி குடுத்துருவோம், ஒத்துக்க” என்று வருஷாவருஷம் ஆடி அமாவாசை நெருங்கும்போது கெஞ்சுவாள். தேவிப்ரியா ஒரே பதிலைச் சொல்வாள்: கவிழ்ந்ததைக் கண்ணால் பார்த்தால் ஒத்துக்கொள்கிறேன்.

தொலைநோக்கியில் கண்ணை வைத்து அவள் கேட்டதும் அது ஒன்றுதான். “நேரா நிக்கிதாண்ணே, கவுந்து கெடக்கா?” நீலமும் மஞ்சளும் ஒரு விளக்கின் ஒளியும் குழம்பிக் கிடந்த அந்தப் பூச்சில் அதைச் சொல்ல யாராலும் முடியவில்லை. ரத்தினவேல் அன்றே சார்ஜாவில் இருக்கும் மச்சான் ரகுநாத்துக்கு போன் செய்து, ஆழமான ஆடிக்கென்றே பல வில்லைகளை அடுக்கிச் செய்த நல்ல ஐபீஸ் ஒன்றைச் சொல்லி வைத்தான். அது ஊருக்கு வந்த ஒருவர் கையில் மாசி மாதம் வந்து சேர்ந்தது. உள்ளங்கையை நிறைக்கும் கனம்.

அதைப் பொருத்தியதும் வட்டம் ஜன்னல் அளவுக்கு விரிந்தது. கலங்கலில் பாதி போய்விட்டது. விளிம்பில் படகின் உடம்பு தெரிந்தது, அதற்கு மேலே நட்டுக்குத்தலாக ஒரு கம்பு. விளக்குக் கம்பு. படகு கீழே, கம்பு மேலே. மாடியில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். “பாத்தியா, நேராத்தான் நிக்கிது! ஒம்புருசன் நல்லா இருக்கான்” என்று அன்றைக்கு வந்திருந்த தேவிப்ரியாவைப் பார்த்து ஐயனார் கத்தினான். செவந்தி கேசரி கிண்டினாள். ரத்தினவேல் மட்டும் ஒரு மூலையில் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். ஒன்று தெரிந்துவிட்டால் அதைச் சொல்லாமல் அவனால் இருக்க முடியாது. தேவிப்ரியா இலையில் உட்கார்ந்து முதல் வாய் எடுத்தபோது சொன்னான்.

“தங்கச்சி, நேராத்தான் தெரியுது. ஆனா இந்தக் கண்ணாடியில எல்லாமே தலைகீழாத்தான் தெரியும். வெளிச்சத்துல கோயில் கோபுரத்தைக் காட்டுனேன்ல, கலசம் கீழ்ப்பக்கம் இருந்துச்சுல்ல? அப்ப நேராத் தெரிஞ்சா…”

“ஒங்க வாயில கொள்ளியை வைக்க” என்றாள் செவந்தி. “அந்தப் புள்ள ஒரு வா சோறு திங்கட்டும்.”

தேவிப்ரியா எடுத்த வாயைத் தின்றாள். இலையில் இருந்த மீதத்தையும் தின்றாள். பிறகு பஸ் ஏறிப் போய், இந்த ஆடி அமாவாசைக்கே வைத்துக்கொள்ளலாம் என்று மாமியாரிடம் சொன்னாள். பாத்திரங்களை மட்டும் அதுவரை கவிழ்க்க வேண்டாம் என்றாள்.

ரத்தினவேலுக்குக் கடையில் வேலை ஓடவில்லை. வெள்ளெழுத்துக்காரருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடியை மாட்டிவிட்டு, படிங்க படிங்க என்றான். தினமும் பொழுது சாய்ந்ததும் மாடிக்குப் போனான். ஐபீஸை அதன் பிடிக்குள்ளேயே சுழற்றிப் பார்த்தான், கம்பு சுழலவில்லை. அப்படியென்றால் கம்பில் ஐபீஸுக்குப் பங்கில்லை. பிறகு படகை விட்டுவிட்டு நட்சத்திரங்களைப் பார்க்க ஆரம்பித்தான். மேல்விளிம்பில் இருந்த ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் மேலே ஒரு குட்டிக் கம்பு நின்றது. கீழ்விளிம்பில் இருந்தவற்றுக்குக் கம்பு கீழே நீண்டது. இடப்பக்கத்தில் இடப்பக்கமாக, வலப்பக்கத்தில் வலப்பக்கமாக. எல்லாம் நடுவைவிட்டு விலகியே நீண்டன. படகின் மேல் நின்றது கம்பே இல்லை. படகில் எங்கேயோ எரிகிற விளக்குக்கு ஆடி முளைக்கவைத்த வால். நல்ல ஐபீஸ் தன் குற்றத்தை விலக்கிக்கொண்டு ஆடியின் குற்றத்தைச் சுத்தமாகக் காட்டியிருந்தது. படகு எப்படி நிற்கிறது என்பது இன்னும் யாருக்கும் தெரியாது.

அந்த வாலை வெட்ட ஒரு சாமான் உண்டு. கோமா கரெக்டர் என்று பெயர். ஆடியிலிருந்து வரும் ஒளி ஐபீஸுக்குள் நுழையும் முன்னால் அதைப் பிடித்து, ஆடி எந்தப் பக்கம் இழுத்ததோ அதற்கு எதிர்ப்பக்கம் அதே அளவு இழுத்து அனுப்பும் வில்லைகள். “ஆஸ்பத்திரியில கெடக்குறவுகளுக்குக் குடுக்குறதாண்ணே?” என்று ஐயனார் கேட்டான். ரத்தினவேல் அவனுக்குப் பொறுமையாக விளக்கினான். ஒரு பக்கம் இழுபட்ட வேட்டி முனையை எதிர்ப்பக்கம் பிடித்து இழுத்தால் மடிப்பு நேராவது போல என்றான். ஐயனார் தன் வேட்டியைப் பார்த்துக்கொண்டான்.

ரகுநாத் லீவில் வந்தபோதுதான் அது வந்தது, அமாவாசைக்கு முந்தின நாள். ரத்தினவேல் ஐஸ் பிளான்டுக்கு போன் போட்டான். தேவிப்ரியா சாயங்காலம் வந்தாள், கூடவே சொர்ணமும். மறுநாள் கடற்கரையில் கவிழ்ப்பதற்கென்று அறந்தாங்கியில் வாங்கிய புதுக் குடத்தைச் சொர்ணம் இடுப்பில் வைத்திருந்தாள். பஸ்ஸில் யார் கேட்டும் கீழே இறக்கவில்லையாம்.

கரெக்டரைச் சொருகிவிட்டால் வேலை முடியாது. அதற்கும் ஐபீஸுக்கும் இடையே உள்ள தூரம் சரியாக இருக்க வேண்டும். அதற்கென்று ஒரு வளையம் இருக்கிறது. கொஞ்சம் குறைந்தால் வால் மிச்சமிருக்கும், கொஞ்சம் கூடினால் வேறு விதமாகக் கலங்கும். தேவிப்ரியா கண்ணை வைத்திருந்தாள். ரத்தினவேல் வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருகினான்.

“கம்பு குட்டையாவுது” என்றாள். “இன்னும் குட்டையாவுது.” அப்புறம், “கம்பு இல்லண்ணே. வெளக்குக்குள்ள போயிருச்சு” என்றாள். அவன் கையை எடுத்துவிட்டான்.

வட்டத்தின் ஓரம் நடுவைப் போலவே கூர்மையாக இருந்தது. விளிம்பு வரைக்கும் நட்சத்திரங்கள் ஊசி குத்திய புள்ளிகளாக இருந்தன. தேவிப்ரியா ஐபீஸை விட்டு நகராததால் சொர்ணம் அவளைத் தள்ளிவிட்டுத் தானே பார்த்தாள். பார்த்த வேகத்தில் நெஞ்சில் அடித்துக்கொண்டு அலறினாள். படகு அடிமேலாகக் கவிழ்ந்து கிடந்தது. நிஜமான விளக்குக் கம்பு கீழே தொங்கியது. அதற்குப் பக்கத்தில் அவள் மகன் வௌவாலைப் போலத் தொங்கினான்.

“அழாதீங்கம்மா. கவுந்து தெரிஞ்சா நேரா இருக்குன்னு அர்த்தம்” என்றான் ரத்தினவேல். இந்த முறை செவந்தி அவன் வாயை அடைக்கவில்லை.

சொர்ணத்துக்கு அது ஏறவில்லை. கடைசியில் செவந்தியும் ஐயனாரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, அவள் பின்பக்கமாக வளைந்து, தலையைக் கவிழ்த்து, அப்படியே ஐபீஸில் கண்ணை வைத்தாள். அப்போது படகு தண்ணீரில் நேராக உட்கார்ந்திருந்தது. முத்துராஜ் பலகையில் காலை மடக்கி அமர்ந்து, மடியில் தூக்குச்சட்டி அடுக்கை வைத்திருந்தான். போன அன்றைக்குக் கட்டியிருந்த பச்சைக் கைலி. “முடி வெட்டிட்டுப் போடான்னேன், வெட்டாமயே போனான். இன்னும் அப்படியேதான் இருக்கான்” என்று தலைகீழாகவே சொன்னாள் சொர்ணம். அவள் கண்ணீர் நெற்றியை நோக்கி ஓடியது. அவன் புறப்பட்டுப் போன சாயங்காலம் அவனுக்கு இன்னும் முடியவில்லை என்பது அங்கே இருந்தவர்களுக்கு விளங்கியது.

தேவிப்ரியா மறுபடி பார்த்தாள். அவன் மேல்மூடியில் கை வைத்திருந்தான். திறக்கிற பாவனை, திறக்கவில்லை. “நடுவுல கொண்டாந்து குடுங்கண்ணே” என்றாள். ரத்தினவேல் எதையும் தெரியாது என்று சொல்லிப் பழகாதவன். “ஓரத்தைத் தெளிவாக்கலாம் தங்கச்சி. அங்கிட்டு இருக்கறத இங்கிட்டுக் கொண்டார்ற கண்ணாடி எவனும் செய்யலை” என்றான்.

கருமாதி நடக்கவில்லை. புதுக் குடத்தைச் சொர்ணம் செவந்தியிடமே விட்டுப் போனாள். அதில்தான் இப்போது ஆடியின் உப்பைச் சேர்க்கிறார்கள், வாய் மேலே பார்த்தபடி. செவந்தியும் அன்றிலிருந்து பாத்திரம் கவிழ்ப்பதில்லை. டம்ளரின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது, விருந்தாளிகள் அதைக் கொட்டிவிட்டுக் காப்பி வாங்கிக்கொள்கிறார்கள்.

தேவிப்ரியா வெள்ளிக்கிழமைகளில் வருகிறாள். மேகம் இல்லாவிட்டால் பார்க்கிறாள், மேகம் இருந்தால் செவந்தியோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் போகிறாள். கண்டக்டர் எங்கே என்று கேட்காமலே டிக்கெட் கிழிக்கிறார். அவளுக்குக் காதோரம் நரைத்துவிட்டது, முத்துராஜுக்கு மீசைகூட ஒரு நூல் வளரவில்லை. “வந்து எறங்குனா ஒன்னைய அக்கான்னுதான் கூப்புடப் போறான்” என்று ஐயனார் கேலி செய்வான். “கூப்புடட்டும்” என்பாள்.

அந்தத் தூக்குச்சட்டியைக் கட்டிக்கொடுத்தவள் அவள்தான். மேல் அடுக்கில் மாங்காய் ஊறுகாய், நடுவில் மீன்குழம்பு, அடியில் சோறு. அவன் எப்போதும் மூன்றையும் பரப்பி வைத்துவிட்டுத்தான் கை நனைப்பான். தின்றுவிட்டுக் கடல் தண்ணீரில் அடுக்குகளை அலம்புவான். அலம்பியதும் எஞ்சினைக் கரைப்பக்கம் திருப்புவான். போன வருஷம் ஊறுகாய் அடுக்கை எடுத்து வைத்தான். இந்தத் தையில் குழம்பு அடுக்கின் மூடியைத் திறந்திருக்கிறான், அதிலிருந்து இன்னும் ஆவி வருகிறது.