துடைப்பம் தின்ற முடிவு

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது அக்கா. தானாக என் மனதில் உதித்தது என்று பொய் சொல்ல ஆசைதான். "சும்மாதானே உக்காந்திருக்க? எங்க முயலுங்களைப் பத்தி நாலு வரி எழுதேன். படிச்சுட்டு யாராவது ஒத்தாசைக்கு வருவாங்க" என்றாள். அவள் விலங்குக் காப்பகம் நடத்துகிறாள். நான் எழுதுகிறேன். இதில் எது உருப்படியான வேலை என்பது எங்கள் வீட்டில் எப்போதோ முடிவாகிவிட்டது.

முதல் தொடக்கம்: 'பஞ்சுப் பொதி போன்ற இரண்டு முயல்கள்...'

(அடித்துவிட்டேன். பூட்டிக் கிடந்த ஒரு கடையின் பின்னறையில், ஒரே கூண்டில், தங்கள் கழிவின் மேலேயே உட்கார்ந்திருந்தவை அவை. பஞ்சாவது பொதியாவது.)

2

கறுப்பாகப் பெரிதாக இருப்பது மேனேஜர். தட்டு வரத் தாமதமானால் பின்னங்காலால் தரையில் ஓங்கி அடிக்கும். சிறியது துடைப்பம். அதன் முடியைப் பார்த்தால் பெயர்க்காரணம் கேட்கமாட்டீர்கள்.

அக்கா காப்பகத்துக்குக் கொண்டுவந்து பெரிய அறையில் விட்ட பிறகும் இரண்டும் பழைய கூண்டின் அளவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. ஒருநாள் மேனேஜர் ஒரே தாவலில் அந்த இல்லாத சுவரைத் தாண்டியது. துடைப்பமும் பின்னாலேயே ஓடியது. அக்கா அழுதுவிட்டாள். நானும்தான்.

இங்கேயே முடித்திருக்கலாம். அத்தான் விடவில்லை.

3

அக்காவின் கணவர் சலவைக்கடை வைத்திருக்கிறார். [இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். இவ்வளவு நல்ல மனிதர் ஒரு கதையில் தாக்குப்பிடிப்பாரா?] கைக்கு வந்த எதையும் அழுக்கோடு திருப்பித் தந்ததில்லை என்பது அவர் பெருமை. அக்கா வெளியே போயிருந்தபோது, துடைப்பத்தின் வாலடியில் ஒட்டியிருந்த பழைய அழுக்கு அவர் கண்ணில் பட்டுவிட்டது. மனம் கேட்கவில்லை. வெந்நீர், வாசனைச் சோப்பு, மெத்தென்ற துண்டு என்று ராஜ உபசாரம் நடந்தது.

கமகமவென்று திரும்பி வந்த துடைப்பத்தை மேனேஜர் முகர்ந்தது. யாரோ அந்நியர் என்று நினைத்துப் பாய்ந்து காதைக் கடித்துவிட்டது.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க? அதுங்க மூக்காலதானே ஆளையே அடையாளம் பாக்கும்!" என்று திரும்பி வந்த அக்கா கத்தினாள்.

"அழுக்கா இருந்துச்சேம்மா..." என்றார் அத்தான்.

4

இரண்டையும் பிரித்து, நடுவில் கம்பிவலைக் கதவைப் போட்டோம். காயம் சின்னதுதான். ஆனால் துடைப்பம் மூலையில் ஒடுங்கிக்கொண்டு புல்லைத் திரும்பியும் பார்க்கவில்லை. தின்பதை நிறுத்திவிட்டால் முயலுக்குக் குடலும் நின்றுவிடும். மருத்துவர் வந்து மருந்து கொடுத்தார். "சாயங்காலத்துக்குள்ள அதுவா வாய் வச்சுதுன்னா பொழைச்சுக்கும்" என்றார்.

மேனேஜர் படுத்த துணியால் துடைப்பத்தை அத்தான் தடவிக்கொடுத்தார். துடைப்பத்தின் துணியை மேனேஜரிடம் வைத்தார். இரண்டும் துவைக்காத துணிகள். அவர் அழுக்கைப் பத்திரப்படுத்தி நான் பார்த்தது அன்றுதான்.

5

துடைப்பத்தின் பக்கம் தரையில் உட்கார்ந்து முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: மேனேஜர் துடைப்பத்தை மன்னித்து...

(எதற்கு மன்னிப்பு? குளித்ததற்கா?)

முடிவு ஆ: துடைப்பம் இறந்துவிடுகிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எழுத்து இதில்தான் நன்றாக ஓடியது. ஒரு பக்கம் நிறைந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டு, அக்கா நீட்டிய தேநீரை வாங்கத் திரும்பினேன்.

பின்னால் சரசரவென்று சத்தம்.

"அத்தான், ஓடி வாங்க! இங்க பாருங்க!"

துடைப்பம் முடிவு ஆ-வைத் தின்றுகொண்டிருந்தது.

[மிஞ்சிய வரி: 'அத்தான் அதைக் கையில் ஏந்தி, கடைசியாக ஒரு']

"பென்சில்தானே? மை இல்லையே?" என்று அக்கா தாளைப் பிடுங்கி, அதே இடத்தில் புல்லை நீட்டினாள். புல்லும் உள்ளே போனது.

அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை வருஷமா எழுதுற. இன்னைக்குத்தான் ஒருத்தர் ரசிச்சு..." என்றார்.

6

இப்போது இரண்டும் வலையின் இருபுறமும் முதுகை ஒட்டிப் படுக்கின்றன. இன்று கதவைத் திறந்து பார்க்கலாம் என்கிறாள் அக்கா. அத்தான் துவைக்காத துணியோடு தயாராக நிற்கிறார். மேனேஜர் காலால் தரையை அடிக்கிறது. கோபமா, தட்டு வரவில்லையா, தெரியவில்லை.

முடிவை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் தின்ன ஆள் இருக்கிறது. தாழ்ப்பாள் உங்கள் பக்கம்தான், நீங்களே திறந்துவிடுங்கள். கையில் சோப்பு வாசனை இருந்தால் மட்டும், முதலில் அத்தானிடம் அந்தத் துணியை வாங்கித் துடைத்துக்கொள்ளுங்கள்.