ஆலைக்காரியின் நான்கு வரிகள்

விடைத்தாள் திருத்தும் முகாமில் எங்கள் அறைக்குள் நுழைவதற்கு முன் கைபேசியை வாசலில் உள்ள தகரப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஒரு மேசைக்கு நான்கு பேர். மின்விசிறியை மூன்றாம் எண்ணுக்கு மேல் வைக்கக் கூடாது, தாள்கள் பறக்கும். விதிகளை நான் மதிப்பவள். மனிதர்களைத்தான் நம்புவதில்லை. "அண்ணி, நீங்க பாலைக் காய்ச்சுறதுக்கு முன்னாடி அதுகிட்ட வாக்குமூலம் வாங்குவீங்க போல" என்று என் நாத்தனார் கேலி செய்வாள். செய்யட்டும். அவள் வீட்டில்தான் வாரத்துக்கு இரண்டு நாள் பால் திரிந்துபோகிறது.

இருபத்திரண்டு வருடமாகக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். எங்கள் ஆட்களை அவரவர் நடத்தும் காலத்தை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் விக்டோரியா காலத்துக்காரர். கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். விடையில் காதல் என்ற சொல் வந்தாலே அரை மதிப்பெண் குறைப்பார். அவருக்குப் பக்கத்தில் நவீனத்துவக்காரர். எந்த வாக்கியத்தையும் முடிக்க மாட்டார். கேட்டால் அதுதான் இயக்கத்தின் கொள்கை என்பார். நான் பதினெட்டாம் நூற்றாண்டு. நையாண்டி என் பாடம். நான்காவது நாற்காலியில் இருந்த பெண்ணுக்கு எந்த நூற்றாண்டும் சொந்தமில்லை. கொடுத்ததை நடத்துவாள். வேறொரு சின்னக் கல்லூரியில் பதினோரு வருடமாகத் தற்காலிக ஆசிரியை. முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவளைத் 'தற்காலிகம்' என்றே சொன்னார்கள். நானும்தான்.

இரண்டாம் நாள் காலையில் என் கைக்கு வந்த கட்டில் முப்பத்தெட்டுத் தாள்கள். எந்தக் கல்லூரி, எந்த மாணவர் என்று தெரியாதபடி எண்கள் மட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க இலக்கியத்தின் ஏதேனும் ஓர் இயக்கத்தை ஒரு கவிஞரை வைத்து விளக்க வேண்டும் என்பது கேள்வி. இந்தக் கேள்விக்கு வருடா வருடம் இரண்டே கவிஞர்கள்தான் வருவார்கள், ஒருவர் தாடிக்காரர், இன்னொருவர் அறையை விட்டு வெளியே வராதவர். முதல் தாளிலேயே ஒரு புதிய ஆள் வந்தார். நூற்பாலையில் வேலை பார்த்த ஒரு பெண். அவள் எழுதியதாக நான்கு வரிகள். அவற்றின் பொருள் இது (கதிர் என்பது ஆலையில் நூல் சுற்றும் தண்டு):

ஆயிரம் கதிர்கள் என் கைக்குள் சுற்றுகின்றன;
கை ஓய்ந்த பின்னும் அந்தச் சுற்றல் ஓயவில்லை.
யாரோ உடுத்தப்போகும் துணியில் என் மூச்சு ஒரு முழம் இருக்கிறது;
உடுத்தும் நாளில் அவர்களுக்கு ஏன் கனக்கிறது என்று தெரியாது.

கவிஞரின் பெயரும் இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த மாதமே யாராவது அவள்மேல் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிடுவார்கள். ஆலைக்காரி என்றே வைத்துக்கொள்வோம்.

வரிகள் நன்றாக இருந்தன. அதுவே எனக்கு உறுத்தியது. இரண்டாவது தாளிலும் அதே நான்கு வரிகள். மூன்றாவதிலும். கட்டு முழுவதையும் புரட்டிப் பார்த்தேன். முப்பத்தெட்டிலும் ஆலைக்காரி இருந்தாள். காப்பியடித்தால் விளக்கமும் ஒன்றாக இருக்கும். இங்கே ஒருவன் மூன்று பக்கம் எழுதியிருந்தான், ஒருத்தி அரைப் பக்கம், இன்னொருத்தி தன் அம்மாவின் முதுகு வலியைப் பற்றியே ஒரு பத்தி எழுதியிருந்தாள். கவிதை மட்டும் எல்லாரிடமும் ஒரு சொல் பிசகாமல் இருந்தது. மற்ற கேள்விகளில் பத்துக்கு இரண்டு வாங்கத் திணறுகிற பிள்ளைகள் இதை மட்டும் எப்படி மனப்பாடம் செய்தார்கள்?

"சார், இந்தக் கவிஞரை உங்களுக்குத் தெரியுமா?" என்று விக்டோரியாவிடம் பெயரைக் காட்டினேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஓ, இவங்களா! தெரியாம என்ன? சின்னக் கவிஞர்தான். ஆனா ஒழுக்கமான எழுத்து."

"அவங்களோட அந்தக் கடைசிக் காலத்துக் கவிதைங்க இருக்கே, அதுல வந்து ஒரு..." என்றார் நவீனத்துவம். முடிக்கவில்லை.

அந்த நேரம் தலைமைத் தேர்வாளர் எங்கள் பக்கம் வந்தார். பாடத்திட்டக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். பெயரைப் பார்த்ததும் புன்னகைத்தார். "என் ஆய்வேட்டுல ஒரு அடிக்குறிப்பே இவங்களைப் பத்திப் போட்டிருக்கேன். ஏன் மேடம், நீங்க படிச்சதில்லையா?"

"படிச்சிருக்கேன் சார். சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டேன். இருபத்திரண்டு வருடம் கழித்து, இந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கவிஞர் எனக்கு மட்டும் தெரியவில்லையா? நான் என்னத்தைப் படித்துக் கிழித்தேன்? வெட்கமாக இருந்தது. தற்காலிகம் மட்டும் தலை நிமிராமல் திருத்திக்கொண்டிருந்தாள்.

மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே மாடியில் இருந்த நூலகத்துக்குப் போனேன். அமெரிக்க இலக்கிய வரலாறு இரண்டு தொகுதி, கலைக்களஞ்சியம் ஒன்று, பெண் எழுத்தாளர்கள் அகராதி ஒன்று. எல்லாம் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம் போன்ற கனம். நாலிலும் பின்பக்க அட்டவணையை விரலால் தடவிப் பார்த்தேன். நூற்பாலைப் பெண்கள் எழுதியிருக்கிறார்கள், உண்மைதான். அவர்களைப் பற்றி ஒரு பக்கமே இருந்தது. அதில் நம் ஆலைக்காரி இல்லை. வேறெங்கும் இல்லை.

பசியெல்லாம் பறந்துவிட்டது. அத்தனை பேரும் சேர்ந்து ஒரு பொய்யை மென்று விழுங்கியிருக்கிறார்கள்! நேராகக் கீழே வந்து, முறைகேட்டுப் படிவம் ஒன்றை எடுத்து, காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: 'இப்படி ஒரு கவிஞர் இல்லை. முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே இடத்திலிருந்து இது கிடைத்திருக்கிறது. விசாரிக்கவும்.' தலைமைத் தேர்வாளரின் மேசையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அந்தப் படிவம் போனால் முப்பத்தெட்டுப் பேரின் முடிவும் நிறுத்தி வைக்கப்படும். அவர்களுக்குப் பாடம் நடத்தியவரின் சீட்டும் கிழியும். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் வைத்தேன்.

அதோடு விட்டேனா? இல்லை. மேசையில் இருந்த பசைப் புட்டியின் பெயரை முன்னாலும் மின்விசிறிக் கம்பெனியின் பெயரைப் பின்னாலும் போட்டு நானே ஒரு கவிஞரை உண்டாக்கினேன். "சார், அந்தப் படகோட்டிக் கவிஞரையும் ஒரு பையன் எழுதியிருக்கான்" என்று பெயரைச் சொன்னேன்.

"நல்ல கவிஞர். கடல் மாதிரி ஆழம்" என்றார் விக்டோரியா.

"ஆனா அந்த அலை வர்ற இடத்துல அவர் கொஞ்சம்..." என்றார் நவீனத்துவம்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினால், தற்காலிகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் ஆலைக்காரியைத் தெரியும் என்று சொல்லாதவள் இந்த மேசையிலேயே இவள் ஒருத்திதான். தெரியாது என்றும் சொல்லவில்லை. அந்த ஆலைக்காரி எங்கிருந்து வந்தாள் என்பது தெரிந்தவளுக்குத்தானே சொல்ல ஒன்றும் இருக்காது?

தேநீர் இடைவேளையில் அவளைக் கை கழுவும் இடத்தில் பிடித்தேன். குழாயைத் திறந்துவிட்டுக் கேட்டேன். "அந்தக் கவிதையை எழுதினது யாரு?"

அவள் மழுப்பவில்லை. "நான்தான் மேடம்."

"எதுக்கு?"

"வகுப்புல ஒரு பொண்ணு கேட்டா, அந்தக் காலத்துல வேலைக்குப் போன பொம்பளைங்க யாரும் எழுதலையா மிஸ்னு. எழுதியிருக்காங்கன்னு சொன்னேன். அடுத்த நாள் எல்லாரும் அந்தக் கவிதை எங்கன்னு கேட்டாங்க. எங்க நூலகத்துல ரெண்டு அலமாரி, அதுல ஒண்ணு பூட்டியிருக்கும். என்கிட்ட என்னோடதுதான் இருந்துச்சு. பேர் ஒண்ணு வச்சுக் குடுத்துட்டேன்."

"உங்க பேரைச் சொல்லிக் குடுக்கறதுக்கென்ன?"

"பதினாறு வருஷமா பத்திரிகைங்களுக்கு என் பேர்ல அனுப்பறேன் மேடம். போன வேகத்துல திரும்பி வரும். அவ பேர்ல சொன்னதும் முப்பத்தெட்டுப் பேரும் மனப்பாடம் பண்ணிட்டாங்க. நான் காலேஜ் சேர்றதுக்கு முன்னாடி மூணு வருஷம் மில்லுல கதிர் ஓட்டினவ. அங்க எழுதினது அது."

நான் ஒரு திருடனைத் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்தது ஒரு கவிஞர். படிவமோ தலைமைத் தேர்வாளரின் மேசையில் கிடந்தது.

"நான் எழுதிக் குடுத்துட்டேன், தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். பாத்தேன். அதுக்கில்ல மேடம், இன்னொரு விஷயம்..."

மணி அடித்துவிட்டது. "நான் பாத்துக்கறேன், நீங்க வாயத் திறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன்.

நாங்கள் உட்காருவதற்குள் தலைமைத் தேர்வாளர் படிவத்தோடு வந்துவிட்டார். காதுமடல் சிவந்திருந்தது. "என்ன மேடம் இது? இப்படி ஒரு கவிஞரே இல்லைன்னு எழுதியிருக்கீங்க? என் அடிக்குறிப்பு என்ன பொய்யா?"

அறையில் பேனாச் சத்தம் நின்றது. இருபத்திரண்டு வருடமாக நான் காத்திருந்த தருணம் அது. மாடியில் நாலு தொகுதி இருக்கிறது, வாருங்கள் என்று சொன்னால் போதும். விக்டோரியா, நவீனத்துவம், தலைவர் மூவரின் மானமும் ஒரே நேரத்தில் கப்பலேறும். அந்த ஆசை எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது. தற்காலிகம் எழுந்து நின்றாள். "சார், அது..." என்றாள். நான் மேசைக்கு அடியில் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"மன்னிச்சிடுங்க சார்" என்றேன். "நான் அவங்களைப் படிச்சதே இல்ல. தெரியாம எழுதிட்டேன்."

அந்த அறையில் அதற்கு முன் அந்த வாக்கியத்தை யாரும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். விக்டோரியா எனக்காகத் தலையைக் குனிந்துகொண்டார். தலைவரின் முகம் மலர்ந்துவிட்டது. "படிச்சதில்லைன்னு ஒத்துக்கறதுக்கும் ஒரு மனசு வேணும்" என்று ஆரம்பித்து, ஆலைக்காரியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். பிறந்த வருடம் சொன்னார். காசநோயில் இறந்த வருடம் சொன்னார். ஒரு மேற்பார்வையாளனோடு நிறைவேறாத காதல் என்றார். கடைசியில், "உங்களை மாதிரி ஆளுங்களுக்கே தெரியலைன்னா பிள்ளைங்களுக்கு எப்படித் தெரியும்? வர்ற வருஷத்துலேர்ந்து இந்தக் கவிதையைப் பாடத்துல வைக்கறேன்" என்றார். படிவத்தின் அடியில் 'மேற்படி கவிஞரை நான் படித்திராததால் நேர்ந்த தவறு' என்று என் கையாலேயே எழுதவைத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். முப்பத்தெட்டுப் பேருக்கும் நான் முழு மதிப்பெண் போட்டேன்.

சாயங்காலம் வெளியே வந்தபோது எனக்கு நடை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. என் மானத்தைக் கொடுத்து ஒருத்தியின் வேலையைக் காப்பாற்றியிருக்கிறேன். பேருந்து நிறுத்தத்தில் அவள் நின்றிருந்தாள். நன்றி சொல்லத்தான் காத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"எதுக்கு மேடம் என்னை உக்கார வச்சீங்க?" என்றாள்.

"என்ன பேச்சு இது? உண்மையைச் சொல்லியிருந்தா உங்க வேலை போயிருக்கும்."

"போயிருக்கும். பிள்ளைங்க மேல தப்பில்லைன்னும் ஆயிருக்கும். கவிதை என்னோடதுன்னும் ஆயிருக்கும்." கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். ஒரு பத்திரிகையிலிருந்து வந்தது. அவளுடைய நான்கு வரிக் கவிதை மிகவும் பிடித்திருக்கிறது, அடுத்த மாத இதழில் வெளியிடுகிறோம் என்று இருந்தது. "பதினாறு வருஷத்துல முதல் தடவை. டீ இடைவேளையில சொல்ல வந்தேன். நீங்க கேக்கல."

"அதுக்கென்ன, வரட்டுமே" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது.

"பத்திரிகைல என் பேர்ல வரும். பாடப் புத்தகத்துல பிறந்த வருஷம், செத்த வருஷத்தோட அவ பேர்ல இருக்கும். யாரைத் திருடின்னு சொல்லுவாங்க?"

"இப்பவே போய்ச் சொல்லிடறேன். எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"உங்களை யார் மேடம் நம்புவாங்க? படிச்சதில்லைன்னு இப்பதானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க." கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "நான் சொன்னா என் வேலையும் போகும், கவிதையும் கிடைக்காது. ஒரு பேனா குடுங்க."

என்னிடம் சிவப்புப் பேனாதான் இருந்தது. அவள் நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் பையை வைத்து, அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளை விரித்தாள். பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினாள். கவிதையைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம், அனுப்பியது என் தவறு என்று எழுதினாள். அவளுடைய பேருந்து வந்து நின்று போய்விட்டது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எழுதி முடித்ததும் தாளை என்னிடம் நீட்டினாள். "பிழை ஏதாவது இருக்கான்னு பாருங்க மேடம்."

இரண்டு முறை படித்தேன். ஒன்றுகூட இல்லை.