தாடையா தோளா

1934 நவம்பரில் பெர்ஃபெக்தாவின் உயரம் நாலு மிளகாய் நீளம். வயது எட்டு. ஒரு மாதம் முன்புவரை அப்பாவின் இடுப்பைத் தாண்டியிருந்தாள்.

நியூ மெக்சிகோவின் வடக்கே எங்கள் பள்ளத்தாக்கில் அறுவடை முடிந்ததும் ஆளுக்கொரு மிளகாய்ச் சரம், அவரவர் உயரத்துக்குக் கட்டி, முன்சுவரில் தொங்கவிடுவோம். ஒருவருக்கு ஒரு வருஷத்துக்கு அது போதும். அந்த வருஷம் வாய்க்கால் வற்றியது, உறைபனி முந்தியது, எல்லாரும் அரைப்பழமாகவே பறித்தார்கள். பெர்ஃபெக்தாவின் அம்மா லியோகாதியா வழக்கப்படி பெரியவர்களுக்கு முதலில் கட்டினாள். சிவந்தது அதிலேயே தீர்ந்தது. மகளுக்குப் பச்சை. பச்சை காயாது, அழுகும். ஒவ்வொன்றாக விழ விழ, சரத்தோடு பிள்ளையும் குட்டையாகிக்கொண்டே வந்தாள். தின்ற மிளகாய் உடம்பில் சேர்கிறது. அழுகியதும் கொடுத்ததும் போனது போனதுதான்.

லியோகாதியா சிவந்த மிளகாய் கேட்டு ஏழு வீடு ஏறி இறங்கினாள். யாரும் தரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

"ஏற்கனவே என் புருஷன் குள்ளன். இன்னும் ரெண்டு கழட்டினா குதிரைக்கு ஏணி வைக்கணும்டி," என்றாள் பக்கத்து வீட்டு திபுர்சியா.

லியோகாதியாவின் கணவன் ஓனோஃப்ரே, ஆடு மேய்ப்பவன், தன் சரத்தை நீட்டினான்.

"வேணாம். நீ குட்டையானா ஆடுங்க உன்ன மேய்க்கும்."

லியோகாதியா தன்னுடையதை அவிழ்த்து மகளுடையதில் கட்டினாள், குளிர்காலம் முழுக்க. பிப்ரவரியில் பெர்ஃபெக்தா பழைய உயரத்துக்கு வந்துவிட்டாள். லியோகாதியா ஒரு மிளகாய் நீளம். அவள் பாவாடைகளை வெட்டி அவளுக்கே சட்டை தைத்தார்கள். பூசைக்கு மகள் அவளைப் பையில் போட்டுக்கொண்டு போனாள்; பாதிரியார் அப்பத்தில் ஒரு துணுக்குக் கிள்ளிக் கொடுத்தார். மார்ச் காற்றில், அவள் சரத்தில் மிஞ்சிய அந்தக் கடைசி மிளகாயை ஓனோஃப்ரே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு பன்னிரண்டு நாள் நின்றான். ஆடுகள் சிதறின. பாதி திரும்பவில்லை.

அடுத்த இலையுதிர்காலத்தில் நல்ல விளைச்சல். லியோகாதியாவுக்குச் சரம் கட்ட ஓனோஃப்ரே சணலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். எவ்வளவு நீளம் என்று நினைவில்லை.

"நீ என் தாடை வரைக்குமா, தோள் வரைக்குமா?"

மேசைமேல் உப்புக் கிண்ணத்தில் சாய்ந்து நின்ற லியோகாதியா அவனைப் பார்த்தாள்.

"பத்து வருஷம் பக்கத்துல படுத்தவன்தானே. நீயே கட்டு."

தோள் வரைக்கும் கட்டினான். மறுநாள் காலை அவள் அடுப்படிக்கு நடந்து வந்து, மேல்தட்டில் இருந்த மாவு டப்பாவுக்குக் கையை நீட்டினாள். முன்பு எட்டிய டப்பா எட்டவில்லை. கையை இறக்கிக்கொண்டாள். ஓனோஃப்ரே சுத்தியலைத் தேடி எடுத்து வந்து தட்டை நாலு விரல் கீழே இறக்கி அடித்தான். அது இப்போதும் அங்கேதான் இருக்கிறது.