விழும் காட்சி

கணவன் க்ளைவுக்குப் புரையேறாமலிருக்க அவன் தேநீரில் ரோவினா கெட்டியாக்கும் மாவு கலக்கிக்கொண்டிருந்தபோதுதான் பேராசிரியை இமோஜென் போனில் அதைச் சொன்னாள்.

"கடைசில அந்தப் புரதம் எழுந்து நடக்கற மாதிரி முடிச்சிடுங்க ரோவினா. நோயாளிங்க குடும்பத்தோட பாக்கப்போற படம்."

ரோவினா சரியென்று போனை வைத்துவிட்டாள். எங்கே எழுந்து நடப்பது? நரம்பு செல்லுக்குள் சுமை தூக்கிப்போகும் அந்தப் புரதம், தசைகளை இயக்கும் நரம்புகள் செத்துப்போகும் இந்த நோயில் பாதையை விட்டு விழுந்தால் விழுந்ததுதான்.

செல்லுக்குள் நடப்பதையெல்லாம் கணினியில் அசையவைத்துக் காட்டுவதுதான் இருபது வருடமாக மெல்போர்னில் அவளுக்குப் பிழைப்பு. அந்தப் புரதத்துக்கு இரண்டு கால், தலைக்கு மேல் தன்னைவிடப் பெரிய மூட்டை. முதன்முதலில் அதை நடக்கவைக்கத் தெரியாமல் விழித்தவள், பிரன்ஸ்விக் தெருக்களில் தபால் பையோடு அலைந்த கணவனைப் பின்னாலிருந்து படம்பிடித்து, அந்த நடையை அப்படியே அதற்குக் கொடுத்தாள். இடது தோள் சற்று இறங்கி, வலது கால் சற்று வீசி. இவ்வளவு திமிராக நடக்காது என்று விஞ்ஞானிகள் முணுமுணுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் பார்த்து வளர்ந்தது க்ளைவின் நடையைத்தான். இப்போது அவன் சக்கர நாற்காலியில். தலையைக்கூடப் பட்டைதான் தாங்குகிறது. போயும் போயும் அதே நோய் இவனையா பிடிக்க வேண்டும்?

எழுந்து நடப்பதாகவே செய்து அவனுக்குக் காட்டினாள்.

"பொய்," என்றான் க்ளைவ். அந்தக் குழறல் அவளுக்கு மட்டும்தான் புரியும்.

"அவங்க கேக்கறாங்கப்பா."

"நான் எந்திரிச்சேனா, கிழவி?"

அவள் படத்தை நிறுத்தினாள்.

"மார்ச்சுல அடுப்படியில விழுந்தேனே. அதப் போடு."

அந்த விழுதலையே புரதத்துக்குக் கொடுத்தாள். முதலில் இடது முழங்கால், பிறகு பிடிக்க எதுவும் கிடைக்காத கை, பிறகு தோள். எத்தனை நொடி என்று அவள் விரல்களுக்கே தெரிந்திருந்தது. அன்று கையிலிருந்த கெட்டிலைப் போட்டுவிட்டு ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். ஓடவில்லை. பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப சரியா இருக்கு," என்றான்.

காட்சி முடிந்ததும் தானாக முதலிலிருந்து ஓடும்படிதான் எப்போதும் வைத்திருப்பாள். விழுந்து கிடந்த புரதம் மறைந்தது. மூட்டையோடு மறுபடி வந்தது, விழுந்தது. அவள் கை நிறுத்தப் போனது.

"விடு. ஓடட்டும்."

தேநீர் ஆறிப்போய்க் கூழாக உறைந்திருந்தது. திரையின் இடது ஓரத்திலிருந்து க்ளைவ் வந்துகொண்டிருந்தான், தோள் இறங்கி, கால் வீசி.